கடம்பன் அனுப்பிய வாழ்த்து இலைகள்

மூங்கிலடிக் காட்டில் கடம்பன் என்றொரு காட்டெருமை இருந்தது. யார் கூப்பிட்டாலும் முதல் ஆளாய்ப் போய் நிற்கும். முயல் வீட்டுக் காதுகுத்தா? கடம்பன் அங்கே! தவளை வீட்டு வளைகாப்பா? குளத்தில் பாதி இறங்கி நிற்கும் கடம்பன்! பந்தியில் உட்கார்ந்தால் நாலு பேர் சாப்பாடு காலியாகும். ஆனாலும் ஒருவர்கூட முகம் சுளித்ததில்லை. கூப்பிட்ட வீட்டுக்கெல்லாம் போகும் அந்தப் பழக்கத்துக்காகவே காடு கூடி அதைத் தலைவராக்கியது.

தலைவரானதும் அழைப்புகள் வந்து குவிந்தன. எல்லாம் தேக்கிலையில் எழுதியவை. கடம்பன் வழக்கம்போல் கிளம்பியது. அதன் செயலாளரான மரங்கொத்தி குறுக்கே வந்து விழுந்தது.

"ஐயா, எங்கே கிளம்பிட்டீங்க? கீரி வீட்டுக்குப் போனா பாம்பு கோவிச்சுக்கும். பாம்பு வீட்டுக்குப் போனா கீரி சும்மா விடுமா? யார் வீட்டுக்கும் போக வேண்டாம். எல்லாருக்கும் ஒரே மாதிரி வாழ்த்து அனுப்பிடலாம். வம்பே இல்லை!"

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. பாழாய்ப்போன நியாயம்! கடம்பன் தலையாட்டிவிட்டது.

மரங்கொத்தி அலகால் இலையில் ஓட்டை போட்டு எழுதியது. "அழைப்புக் கண்டு அகமகிழ்ந்தேன். பணி மிகுதியால் நேரில் வர இயலவில்லை. விழா சிறக்க வாழ்த்துகிறேன். கடம்பன்."

முதல் இலை போனபோது கடம்பனுக்கு மனசு உறுத்தியது. பத்து இலை போனதும் பழகிவிட்டது. அப்புறம் யார் கூப்பிட்டார்கள் என்று கேட்பதையே விட்டுவிட்டது.

ஒரு நாள் முள்ளம்பன்றி சுப்பாயியின் அழைப்பு வந்தது. சுப்பாயி யார் தெரியுமா? கடம்பனின் மனைவி காட்டுத்தீயில் போய்ச் சேர்ந்தபோது, பச்சைக் கன்றாக இருந்த மகள் மருதாயியைத் தூக்கி வளர்த்த புண்ணியவதி! "அண்ணே, புதுசா வளை தோண்டிக் குடிவந்திருக்கேன். ஒரு எட்டு வந்து பார்த்துட்டுப் போங்க" என்று எழுதியிருந்தது. அதற்கும் அதே இலைதான் போனது. சுப்பாயி கோபப்படவில்லை. "தலைவரே அனுப்பியிருக்கார்!" என்று வருவோர் போவோரிடமெல்லாம் அந்த இலையைக் காட்டிப் பூரித்தது.

மருதாயிக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளை ஆற்றுக்கு அக்கரை மந்தை. மூங்கிலடிக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. புகுந்த வீடு போகும் பெண்ணுக்கு வீட்டுக்கு ஒருவர் வந்து ஒரு வாய் ஊட்டிவிட வேண்டும். ஊட்டியவர் வீடெல்லாம் அவளுக்குப் பிறந்த வீடு. தாயில்லாத பெண்ணுக்கு அதைவிடப் பெரிய சீர் என்ன இருக்கிறது?

கடம்பன் எல்லோருக்கும் அழைப்பு அனுப்பியது. மூங்கில் குருத்தும் நாவல் பழமும் தேனுமாகக் குவித்து வைத்தது. வாசலையே பார்த்துக்கொண்டு நின்றது.

ஒரு ஈ காக்கை வரவில்லை என்று சொல்லலாம் என்றால், காக்கை மட்டும் வந்தது. அதன் காலில் ஒரு கட்டு இலை!

கடம்பன் ஒன்றை எடுத்துப் படித்தது. "அழைப்புக் கண்டு அகமகிழ்ந்தோம். நேரில் வர இயலவில்லை. விழா சிறக்க வாழ்த்துகிறோம்." அடுத்ததும் அதேதான். அதற்கடுத்ததும் அதேதான்.

"என்னடா இது! எல்லாரும் சேர்ந்து என்னைக் குத்திக் காட்டுறீங்களா?" என்று கடம்பன் சீறியது.

காக்கை வெலவெலத்துப் போனது. "ஐயோ, அப்படியெல்லாம் இல்லைங்க! பெரிய இடத்துக்குத் திமுதிமுன்னு போய் நின்னா நல்லாவா இருக்கும்? உங்க முறைப்படியே மரியாதை செய்வோம்னு கூடிப் பேசித்தான் அனுப்பினாங்க. சுப்பாயி அக்கா பட்ட பாடு இருக்கே! தன் முள்ளாலேயே ஒவ்வொரு எழுத்தாக் குத்தி எழுதினாங்க."

கடம்பன் கையிலிருந்த இலையைக் கீழே வைத்தது.

"சுப்பாயி அத்தை வரட்டும்ப்பா. அவங்க கையால ஒரு வாய் வாங்கிட்டுத்தான் போவேன்" என்றது மருதாயி.

"ஆத்துல வெள்ளம் ஏறுது மாமா! இனியும் நின்னா கடக்க முடியாது" என்று அவசரப்படுத்தியது மாப்பிள்ளை.

கடம்பன் ஒரு நாவல் பழத்தை எடுத்து மகளுக்கு ஊட்டியது. மருதாயி அதை விழுங்காமல் வாயிலேயே வைத்துக்கொண்டது. அப்படியே அழுதுகொண்டே மாப்பிள்ளையோடு ஆற்றில் இறங்கி அக்கரைக்குப் போய்விட்டது.

மறுநாள் கடம்பன் யாரிடமும் சொல்லாமல் சுப்பாயியின் வளைக்குப் போய் நின்றது. அதைக் கண்டதும் சுப்பாயியின் முள்ளெல்லாம் சிலிர்த்துக்கொண்டது.

"ஐயா! நீங்களே வந்திருக்கீங்க... நான் ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டேனா? இலையில எழுத்து பிசகிடுச்சா?"

"ஐயாவா? நான் உன் அண்ணன், சுப்பாயி. பசிக்குது. ஏதாவது போடேன்."

சுப்பாயி பதறிப் பதறிக் கிழங்கு எடுத்து வைத்தது. பரிமாறிவிட்டுத் தள்ளிப் போய் ஒதுங்கி நின்றது.

"நீயும் உட்காரும்மா."

"இருக்கட்டும் ஐயா" என்ற சுப்பாயி, தயங்கித் தயங்கிக் கேட்டது. "மருதாயிக் கண்ணு சந்தோஷமாப் போச்சுங்களா? நாங்க வராட்டி என்ன, பெரிய பெரியவங்க எல்லாம் வந்து ஊட்டியிருப்பாங்க, இல்லையா?"

கடம்பன் வாயில் கிழங்கை வைத்துக்கொண்டு, விழுங்கவும் முடியாமல் சொல்லவும் முடியாமல் உட்கார்ந்திருந்தது.

அன்போடு கூப்பிட்டவர் வீட்டுக்குப் போகாமல் மரியாதையை மட்டும் அனுப்பி வைத்தால், கடைசியில் நம் வீட்டுக்கும் மரியாதை மட்டும்தான் வந்து சேரும்.