ஆற்றங்கரை வரை ஒரு வரிசை

முன்னொரு காலத்தில், தானம் கொடுப்பதைவிடத் தானம் வாங்க நிற்கிற வரிசையைப் பார்ப்பதில் ஆசை மிகுந்த ராஜா ஒருவர் இருந்தார். பொங்கலன்று அரண்மனை வாசலில் அமர்ந்து ஏழைகளுக்குப் படி அரிசி அளந்து போடுவார். போன வருஷம் யானைக்கொட்டில் வரைதான், இந்த வருஷம் தேர்முட்டியைத் தாண்டிவிட்டது என்று பூரித்துப்போவார்.

அரண்மனை விகடகவி கூத்தபிரானுக்கு வாய் சும்மா இருக்காது. வரிசை நீண்டால் பெருமை ராஜாவுக்கா, பசிக்கா என்று சபையிலேயே கேட்டுவிட்டார். ராஜாவின் முகம் சுண்டிப்போயிற்று. கூத்தபிரானைக் கவிழ்க்கக் காத்திருந்த மந்திரி விருபாட்சருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. ராஜாவின் காதில் ஏதோ ஓதினார்.

"கூத்தபிரானே, வரிசையில் பாதிப்பேர் ஓடைப்பட்டிக்காரர். இனி அவ்வூருக்கு நீரே தலைவர். அடுத்த பொங்கலன்று அவ்வூருக்கு மட்டுமே தானம், மற்ற ஊர்களுக்கு மறுநாள். அவ்வூர் வரிசை மட்டுமே ஆற்றங்கரை வரை நீள வேண்டும். நீளாவிட்டால் நாட்டைவிட்டு வெளியேறும்" என்றார் ராஜா.

ஊர் செழித்தால் வரிசை குறையும், நாடு போகும். வரிசை நீண்டால் ஊரைக் கெடுத்தவன் என்று பெயர் வரும். மந்திரி போட்ட முடிச்சு அப்படி.

கூத்தபிரான் ஓடைப்பட்டியில் ஊர்ச்சபையைக் கூட்டினார். உங்களுக்கு என்னதான் வேண்டும் என்று கேட்டார். அதுவரை யாரும் அவர்களை அப்படிக் கேட்டதில்லை. கூடை முடைகிற செவந்தி எழுந்தாள்.

"ராசா போடுற அரிசி மூணு நாளைக்கு வரும் சாமி. எங்க கையில தொழில் இருக்கு. கூடை, சட்டி, பூசணி எல்லாம் வீட்டுலயே கெடக்கு. சந்தை ஓடைக்கு அந்தப் பக்கம். மழைக்காலம் பூரா தாண்ட முடியல. ஒரு பாலம் போட்டுக் குடுங்க, போதும்."

மந்திரி அந்த ஓடையைப் பல்லக்கிலிருந்துகூடப் பார்த்ததில்லை. பொதுத்தோப்பில் மரம் வெட்டச் சபை இசைந்தது. ஊரே தோள் கொடுத்தது. ஆடி வெள்ளத்துக்கு முன்பே பாலம் எழுந்துவிட்டது. சந்தையில் ஓடைப்பட்டிக்கென்று இடமும் கேட்டு வாங்கினார் கூத்தபிரான். அந்த மழைக்காலத்தில் ஊரில் ஓர் அடுப்பும் அணையவில்லை.

பொங்கல் வந்தது. உச்சிப்பொழுது வரை அரண்மனை வாசலில் ஈ காக்கை இல்லை. மூட்டை கட்டியாயிற்றா என்று விருபாட்சர் நக்கலாக விசாரித்தார். அப்போது குலவைச் சத்தம் கேட்டது. பார்த்தால், ஆற்றங்கரை வரை வரிசை. ராஜா ஆவலோடு படியைக் கையில் எடுத்தார். முதலில் நின்ற செவந்தி தலைக்கூடையை இறக்கி, புதுநெல்லையும் பூசணியையும் அவர் முன் வைத்தாள்.

"வாங்கி வாங்கிப் பழகுன கை, மகாராசா. இந்த வருசம் குடுத்துப் பாப்போம்னு வந்தோம். வாங்கிக்கோங்க."

அவளுக்குப் பின்னால் நின்ற அத்தனை பேர் தலையிலும் ஒரு சுமை இருந்தது. இது ஆணையை மீறிய செயல் என்று மந்திரி குதித்தார். கூத்தபிரான் வணங்கினார்.

"வரிசை நீள வேண்டும் என்பதே ஆணை, மகாராஜா. நீண்டிருக்கிறது. நிற்பவர்கள் வாங்கத்தான் வர வேண்டும் என்று தாங்கள் உரைக்கவில்லையே."

ராஜா கிரீடம் சரியச் சிரித்தார். தம் வெள்ளிப் படியைக் கூத்தபிரானுக்கே பரிசளித்தார். இரண்டு ஓடைகள் குறுக்கே ஓடும் பக்கத்து ஊருக்கு விருபாட்சரைத் தலைவராக்கினார். பிறகு குனிந்து இரு கைகளையும் நீட்டினார். அன்று அந்த வாசலில் கை நீட்டி வாங்கியவர் ராஜா ஒருவர்தான்.