பூனைக்குக் கட்டிய பெட்டி

ஆறு இரண்டாகப் பிரிந்து மறுபடி ஒன்று சேரும் இடத்தில், ராஜாவின் குதிரைகூட எட்டிப் பார்க்காத காலத்தில், நாணல்திட்டு என்று ஓர் ஊர் இருந்ததாம். கேளுங்கள், அந்த ஊரில் வருஷா வருஷம் வெள்ளம் வரும். அதனால் அங்கே ஒரு வழக்கம்.

மழைக்காலம் பிறக்குமுன் வீட்டில் உள்ள ஒவ்வொரு வாய்க்கும் ஒரு ஓலைப்பெட்டி கட்டுவார்கள். அவல், பொரிமாவு, கருப்பட்டி எல்லாம் போட்டு, இறுக்கிக் கட்டிப் பரணில் ஏற்றிவிடுவார்கள். மனுஷருக்கும் பெட்டி, நாய்க்கும் பெட்டி, பூனைக்கும் பெட்டி. ஏற்றிய பெட்டியை வெள்ளம் வரும்வரை யாரும் அவிழ்க்கக் கூடாது. அவிழ்த்தால் ஆற்றைக் கையசைத்துக் கூப்பிட்ட மாதிரியாம்.

அந்த ஊரில் செங்கமலம் என்றொருத்தி. அவள் புருஷன் திருமேனி, சிறுமகள் தேனாள், கருவாயன் என்ற நாய், சாம்பல் என்ற பூனை. இவ்வளவுதான் வீடு.

அந்த வருஷம் செங்கமலம் பூனைக்கு நெத்திலிக் கருவாடு கட்டிக்கொண்டிருந்தாள். திருமேனி அதைப் பிடுங்கிக் கீழே போட்டான்.

"நாய் நீந்தும். பூனை மரம் ஏறும். அதுகளுக்கு எதுக்கடி பெட்டி? நல்ல கருவாடு, குழம்பு வை!"

எதிர்வீட்டு மருதாயி வாசலில் நின்று கேட்டாள். "தம்பி, வாய் இருக்குல்ல அதுகளுக்கும்?"

"கொசுவுக்குக்கூட வாய் இருக்கு அக்கா. அதுக்கும் ஒண்ணு கட்டட்டுமா?"

செங்கமலம் நாய்க்கும் பூனைக்கும் பெட்டி கட்டாமல் விட்டாள். குழம்பு வைத்தாள். பரணில் கருவாட்டு வாசனை இல்லை என்று தெரிந்ததும் சாம்பல் அங்கே படுப்பதை விட்டது. பிறகு அந்த வீட்டையே விட்டது. எதிர்வீட்டுப் பரணில் போய்ச் சுருண்டுகொண்டது.

ஐப்பசியில் ஆறு வந்தது. வாசலில் கால் வைத்தது, அடுப்பை அணைத்தது, தொட்டிலைத் தூக்கியது. மூவரும் பரணுக்கு ஏறினார்கள். கருவாயன் தானாகவே நீந்தி வந்து ஏணியில் தொற்றியது. தேனாள் அதன் கழுத்தைப் பிடித்து மேலே இழுத்தாள்.

மறுநாள் காலை தேனாளுக்குப் பசித்தது. செங்கமலம் திருமேனியின் பெட்டியை எடுத்தாள். கட்டு கட்டியபடியே இருந்தது. ஆனால் பெட்டி பஞ்சு மாதிரி கையோடு வந்தது. திருப்பினாள். பின்பக்கம் முழுக்க ஓட்டை.

அதைப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் பாய்ந்தாள்.

தன் பெட்டியை எடுத்தாள். அதிலும் ஓட்டை. உள்ளே எலிப்புழுக்கை.

தேனாளின் பெட்டி மட்டும் கனமாக இருந்தது. "அப்பாடா" என்று அவிழ்த்தாள். உள்ளே, மகளுக்கென்று வறுத்த மாவின் மேல், ஒரு தாய் எலி. அதைச் சுற்றிக் கண் திறக்காத குஞ்சுகள், ரோஜா நிறத்தில், நெளிந்துகொண்டு. மாவில் ஒரு கைப்பிடிகூட மிச்சமில்லை.

செங்கமலம் பெட்டியைத் திருமேனியின் முன்னால் நீட்டினாள். திருமேனி பார்த்தான். மறுபடி பார்த்தான். கூரையிலே தலையை முட்டிக்கொண்டான்.

"பூனை... பூனை இருந்திருந்தா..." என்றான்.

தேனாள் அழுதாள். சுற்றிலும் செந்நிறத் தண்ணீர். எதிர்க்கூரையிலிருந்து மருதாயி குரல் கொடுத்தாள்.

"ஏ செங்கமலம், புள்ள ஏன் அழுவுது?"

திருமேனி மனைவியின் கையை அழுத்தினான், சொல்லாதே என்று. அவள் உதறினாள். "எல்லாத்தையும் எலி தின்னுடுச்சு அக்கா! ஒரு பருக்கை இல்ல!"

மருதாயி கூரைக்குள் குனிந்து துழாவினாள். பிறகு ஒரு சின்னப் பெட்டியைத் தூக்கிக் காட்டினாள். "எங்க பெட்டி எங்க புள்ளைங்களுக்கே காணாது. இது உங்க சாம்பலுக்குக் கட்டினது. எங்களை நம்பி வந்துச்சே, விட முடியுமா? அவலும் கருவாடும் இருக்கு. யார் வந்து வாங்குவா?"

தெருவில் ஆள் இறங்க முடியாத இழுப்பு. திருமேனி கருவாயனைப் பார்த்தான். கூப்பிட அவனுக்கு வாய் வரவில்லை. தேனாள்தான் கை நீட்டிக் காட்டினாள். நாய் குதித்தது. இரண்டு முறை வெள்ளம் அதை இழுத்துக்கொண்டு போனது. மூன்றாம் முறை நாய் எதிர்க்கூரையை எட்டியது. பெட்டியின் காதைக் கவ்விக்கொண்டு, மூக்கை மட்டும் மேலே நீட்டி, திரும்பி வந்து சேர்ந்தது.

பூனையின் பங்கைப் பிள்ளை தின்றாள். முதல் பிடியை நாய்க்கு வைத்த திருமேனி, தண்ணீர் வடியும்வரை கருவாட்டைத் தொடவேயில்லை.

வெள்ளம் வடிந்த பிறகு மருதாயி தன் காலிப் பெட்டியை வாங்க வந்தாள், பின்னால் சாம்பல். திருமேனி சேற்றில் உட்கார்ந்து இரண்டு புதுப் பெட்டி முடைந்துகொண்டிருந்தான்.

"ரெண்டுதானா தம்பி? கொசுவுக்கு?"

அவன் குனிந்தபடி அடுத்த ஓலையை எடுத்தான். செங்கமலம்தான் சிரித்தாள், வெள்ளத்துக்குப் பிறகு முதல் தடவையாக.

ஆபத்துக்குச் சேர்த்து வைக்கும்போது, கேட்கத் தெரியாத வாய்க்கும் சேர்த்து வைக்காதவன் தன் பிள்ளைக்கும் சேர்த்து வைக்காதவனே.

மருதாயி பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு சேற்றில் நடந்து போனாள். சாம்பல் புதுப்பெட்டியை ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு, அவள் பின்னாலேயே போய்விட்டது.