சிவப்புக் கோடு போட்ட தங்கச்சி

ஒரு ஊர்ல ஒரு ஏரி இருந்துச்சாம். அக்கரை தெரியாத ஏரி. அதுக்கு இரும்புல ஒரு மதகு. மதகைத் தூக்க ஒரு மோட்டார். இத்தனை அங்குலம் தூக்குன்னு மோட்டாருக்குச் சொல்ல ஒரு கம்ப்யூட்டர். கேக்குறியா? ம் சொல்லு.

அந்தக் கம்ப்யூட்டருக்கு நம்ம பேச்சு புரியாது. அதுக்குன்னு தனி பாஷைங்க உண்டு. அதுல ரெண்டு பாஷை அக்கா தங்கச்சி. அக்கா பேரு ஜாவாஸ்கிரிப்ட், தங்கச்சி பேரு டைப்ஸ்கிரிப்ட். முகஜாடை அப்படியே ஒண்ணு. அக்கா பேசுறதெல்லாம் தங்கச்சியும் பேசுவா. குணம்தான் வேற. அக்கா வாசல் எப்பவும் திறந்தே கிடக்கும். யாரு எதைக் கொண்டு வந்தாலும் "வை, வை"ம்பா. தங்கச்சி வாசல்லயே நிறுத்துவா. "இது எண்ணா, எழுத்தா? சொல்லிட்டு உள்ள வா"ம்பா. சொன்னது ஒண்ணு, கொண்டு வந்தது ஒண்ணுன்னா சர்ருன்னு அடியில ஒரு சிவப்புக் கோடு இழுத்துருவா. பொல்லாதவன்னு நினைக்காத. அவளும் கடைசியில அக்காவா மாறித்தான் மெஷின்கிட்ட போகணும். போறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துக்குவா, அவ்வளவுதான்.

அப்போ அந்த ஊர்ல செண்பகம்னு ஒருத்தி. மதகுக் கம்ப்யூட்டருக்கு எழுதுறது அவ வேலை. மதகுக்கு நேர் கீழ, கால்வாய் ஓரமா கீழத்தெரு. நாப்பது வீடு. அதுல ஒண்ணு அவ அத்தை சுடலி வீடு. மதகு மூணு அங்குலம் திறந்தா வயலுக்குத் தண்ணி. இருபது அங்குலம் திறந்தா கீழத்தெருவே இருக்காது. அதனாலதான் செண்பகம் சாமியைக் கும்பிட்டுட்டு தங்கச்சி பாஷையில எழுத உக்காந்தா. டக் டக், டக் டக்.

பாத்தா, பதினாலு சிவப்புக் கோடு.

பெரிய ஆபீசர் ஆவுடையப்பன் வந்தாரு. "ஏம்மா, வெள்ளிக்கிழமை திறப்பு விழா. அக்கா பாஷையில எழுதியிருந்தா இந்நேரம் வீட்டுக்குப் போயிருப்ப. இது என்ன, கோலம் போட்டுக்கிட்டு இருக்கியா?"

"இருக்கட்டும் சார். இப்ப கேக்குற கேள்வியைத் தண்ணி வந்தப்புறம் கேட்டா யாரு பதில் சொல்றது?"

அவரு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போனாரு. அப்புறம் செண்பகம் ஒவ்வொண்ணா சரி பண்ணினா. பன்னெண்டு கோடு போச்சு. ரெண்டு மட்டும் போகல. எங்க தெரியுமா? மதகுக்காரர் தட்டுற ரெண்டு கட்டத்துல. இப்ப எத்தனை அங்குலம் திறந்திருக்குங்கறது ஒரு கட்டம். இன்னும் எத்தனை திறக்கணும்ங்கறது ஒரு கட்டம். கட்டத்துல தட்டுறதெல்லாம் எழுத்தாத்தான் உள்ள வரும். நீயே சொல்லு. ஒரு சீட்டுல 2, ஒரு சீட்டுல 1. எண்ணுன்னா கூட்டுவ, மூணு. எழுத்துன்னா ரெண்டு சீட்டையும் பக்கத்துல பக்கத்துல ஒட்டுவ. என்ன வரும்? ம். இருபத்தொண்ணு. அக்கா கேக்காம ஒட்டிருவா. தங்கச்சி மாட்டேன்னு கோடு போட்டா.

சரி, அதை எண்ணா மாத்திரலாம். ஆனா மதகுக்காரர் "ரெண்டு"ன்னு எழுதிட்டா? சும்மா விட்டுட்டா? அதெல்லாம் யோசிக்கணும், இன்னும் ரெண்டு நாள் ஆகும்னா செண்பகம்.

ஆவுடையப்பன் குனிஞ்சு மெதுவாச் சொன்னாரு. "அவ வாயை அடைக்க ஒரு மந்திரம் இருக்கு. 'எனி'ன்னு எழுதும்மா. எது வந்தாலும் சரின்னு அர்த்தம். கோடு ஓடிப் போயிரும்."

"தெரியும் சார்."

"அப்ப எழுது."

"எழுத மாட்டேன் சார்."

அப்புறம் என்ன, வேலையைப் பிடுங்கிப் பக்கத்து மேசை ரெஜினாகிட்ட கொடுத்துட்டாரு. ரெஜினா புதுசா வந்தவ, பயந்தவ. எனி, எனின்னு ரெண்டு இடத்துல தட்டினா. கோடு ரெண்டும் புஸ்ஸுன்னு போயிருச்சு. தூங்கிட்டியா? ம்.

வெள்ளிக்கிழமை ஏரிக்கரையில பந்தல். பீப்பீ, டும் டும்னு மேளம். கீழத்தெரு சனமெல்லாம் கரையில நிக்குது. மதகு ஏற்கெனவே ரெண்டு அங்குலம் திறந்திருக்கு, இன்னும் ஒண்ணு திறக்கணும். கட்டத்துல 2 தட்டியாச்சு, 1 தட்டியாச்சு. மாலையும் கழுத்துமா ஆவுடையப்பன் பொத்தானுக்கு விரலைக் கொண்டு போனாரு. செண்பகம் பொத்தானுக்கு முன்னாடி வந்து நின்னா.

"நகரும்மா."

"நகர மாட்டேன்."

"சாமி கும்பிட்டுத்தானே ஆரம்பிக்கிறோம், என்ன ஆயிரப் போகுது?"

"நானும் கும்பிட்டுட்டுத்தான் வந்தேன் சார். கும்பிட்டப்புறம் நாம பாக்க வேண்டியதை நாமதான் பாக்கணும். ஒண்ணு செய்யுங்க. நீங்க போய்க் கால்வாய்க்குள்ள நில்லுங்க. நான் அமுக்குறேன்."

மேளம் நின்னு போச்சு. ஆவுடையப்பன் கால்வாயைப் பாத்தாரு, செண்பகத்தைப் பாத்தாரு. நகரல.

சுடலி அத்தை கரையில இருந்து சொன்னா. "போங்க சார். மூணு அங்குலத் தண்ணி கணுக்காலைத்தான் நனைக்கும். செருப்பை வேணா நான் பிடிச்சுக்கறேன்."

அவரு அப்பவும் நகரல. ரெஜினாதான் நகந்தா. விடுவிடுன்னு போய் மோட்டார் வயரைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு, "இப்ப அமுக்குங்க சார். எத்தனை அங்குலம்னு காட்டுற பலகையில என்ன வருதுன்னு எல்லாரும் பாக்கட்டும்"னா. வயரை விடவே இல்ல. செண்பகம் விலகி நின்னா.

அமுக்குனாரு. டொக்.

பலகையில வந்துச்சு, 21.

சுடலி அத்தை தன் வீட்டுக் கூரையைத் திரும்பி ஒரு தடவை பாத்துக்கிட்டா.

அப்புறம் ஆவுடையப்பன் மாலையைக் கழட்டி வச்சாரு. "எத்தனை நாள் வேணும்?"னாரு. "அதே ரெண்டு நாள்தான் சார்"னா செண்பகம். ரெஜினாவைப் பக்கத்துல உக்கார வச்சு அந்த எனி ரெண்டையும் அழிச்சா. சர்ரு, சர்ரு. போன கோடு ரெண்டும் திரும்பி வந்து நின்னுச்சு. "வாடி தங்கச்சி, கேளு. என்ன கேக்கணுமோ கேளு"ன்னா செண்பகம்.

திங்கக்கிழமை மேளம் இல்ல, மாலை இல்ல. ஆவுடையப்பன் வந்தாரு, பொத்தானைத் தொடல. "கோடு ஏதும் மிச்சம் இருக்காம்மா?"ன்னு கேட்டாரு. "இல்ல சார்." "மந்திரம்?" "அதுவும் இல்ல சார்." அப்புறம்தான் அமுக்குனாரு. கிர்ர்ர்ருன்னு மதகு ஏறி, மூணு அங்குலத்துல டக்குன்னு நின்னுச்சு.

சலசலன்னு தண்ணி வயலுக்குப் போயிருச்சு. கீழத்தெரு நாப்பது வீடும் நிம்மதியாத் தூங்குது. கதையும் கரை சேந்தாச்சு, நீயும் கண்ணை மூடு சாமி.