மூவர் கொண்டுவந்த சேதி

செங்கோடன் அந்த நாட்டின் ஒற்றர் தலைவன். ஒற்றனுக்கு ஆகாத அளவு பெரிய மீசை அவனுக்கு. அரசருக்கு ஆலோசகனும் அவனேதான்.

அவனுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் வடுகநாதர், முந்தைய ஒற்றர் தலைவர். ஆலோசகர் பதவி தேடிவந்த அன்றே ஒற்றர் வேலையை வேண்டாம் என்று விட்டவர். ஏன் என்று கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவார். இப்போது அந்தப் பதவியும் இல்லாமல் ஆற்றங்கரையில் தனியாக இருந்தார்.

ஒருநாள் காலை செங்கோடன் அவரிடம் வந்தான். எல்லைக் கோட்டைத் தளபதி மழவராயர் எதிரியோடு சேர்ந்துவிட்டார் என்றான். பௌர்ணமியன்று அரசரிடம் சொல்லப்போகிறான். சொன்னால் மழவராயரின் தலை போய்விடும். இருவரும் ஒன்றாகப் படித்தவர்கள். அதனால் அவனுக்குத் தூக்கமே இல்லை.

"யார் சொன்னது?"

"மூன்று பேர் ஐயா. ஒருவனை இன்னொருவனுக்குத் தெரியாது. மூவர் சேதியும் ஒத்துப்போனால் நம்பலாம் என்று நீங்கள்தானே சொல்லிக்கொடுத்தீர்கள்."

வடுகநாதர் ஒரு யோசனை சொன்னார்.

"அதே மூவரை அனுப்பி என்னையும் வேவு பார். கிழவர் எதிரிக்கு விலைபோய்விட்டாரோ என்று உனக்குச் சந்தேகம் என்று ஒவ்வொருவனிடமும் சொல்லி அனுப்பு."

செங்கோடனுக்கு இது வேண்டாத விளையாட்டாகப் பட்டது. ஆனால் அவர் சொல்லைத் தட்டிப் பழக்கமில்லை.

பௌர்ணமிக்கு முந்தின நாள் திரும்பி வந்தான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"மூவரும் ஒரே முடிவைத்தான் சொல்கிறார்கள் ஐயா. எதிரி நாட்டு வணிகன் இங்கே வந்து போகிறான். கொல்லையில் ஏடுகளைக் கொளுத்தினீர்கள். தனியாக இருக்கும்போது அந்த நாட்டுப் பேச்சைப் பேசுகிறீர்கள்."

"எல்லாம் உண்மைதான்."

செங்கோடனின் கை அவனை அறியாமல் இடுப்பு வாளுக்குப் போனது. வடுகநாதர் அதைக் கவனித்தார். கோபப்படவில்லை.

வணிகன் இருமலுக்குத் திப்பிலி கொண்டுவந்தான் என்றார். கொளுத்தியது கரையான் அரித்த பழைய ஏடுகள். அந்தப் பேச்சு, இறந்துபோன அவர் மனைவியின் தாய்மொழி. உலை வைக்கும்போது இன்னும் அவளோடு பேசிக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான்.

செங்கோடன் கையை எடுத்தான். அவனுக்கு அவமானமாக இருந்தது.

"அவர்களைத் தண்டிக்கிறேன் ஐயா."

"எதற்கு? கண்ணில் பட்டதைத்தானே சொன்னார்கள்." அவர் மெதுவாகக் கேட்டார். "மழவராயரை நம்ப வேண்டாம் என்று அரசவையில் ஆலோசனை சொன்னது யார்?"

"நான்தான்."

"ஒற்றர்களுக்கு அது தெரியுமா?"

"ஊருக்கே தெரியும் ஐயா."

"அவர்களைக் கோட்டைக்கு அனுப்பியது அதற்கு முன்பா, பிறகா?"

"பிறகுதான் ஐயா. ஆலோசகனாக நான் சொன்னதையே ஒற்றர்களும் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள்" என்று செங்கோடன் அவர் எதிரே உட்கார்ந்தான்.