ஆற்றுத்துறையில் நின்றவன்

போர் முடிந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. போரை மூட்டிய தளபதி பல்லக்கில் ஊர் திரும்பினான். இன்றும் நெய்ச்சோறு தின்றுகொண்டுதான் இருக்கிறான். அவனுக்குக் கீழே ஈட்டி பிடித்த செங்கோடன், மலையடிவாரத்து மடத்தில் வந்து விழுந்தான். அங்கே குரு அவனைவிட வயதில் இளையவர்.

மடத்துக்கு வருகிறவர்களுக்குச் செங்கோடன் ஒரு கதை சொல்வான். தோற்று ஓடிய படை ஆற்றைக் கடக்கும்வரை ஒரே ஒருவன் துறையில் நின்று பகைவரைத் தடுத்தானாம். பேர் தெரியாதாம். இடது காதில் பாதி கிடையாதாம். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போவார்கள்.

ஒரு நாள் காலையில் நாச்சக்காள் என்பவள் வந்து நின்றாள். கதை அவள் ஊர்வரை போயிருந்தது. மூன்று நாள் நடை. மடியில் எள்ளும் அரிசியும் முடிந்திருந்தாள்.

“அது என் வீட்டுக்காரர்தான் அண்ணே. சின்ன வயதில் நாய் கடித்த காது. இடத்தைக் காட்டுங்கள், கருமாதியை முடித்துவிடுகிறேன்.”

ஒன்பது வருடமாகக் கணவனுக்கென்று ஓர் ஆள் சோறு கூடுதலாக வடித்ததைச் சொன்னாள். அவன் வேறொருத்தியோடு குடித்தனம் நடத்துவான் என்று ஊரார் கேலி பேசியதையும் சொன்னாள்.

செங்கோடன் அவளை உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போனான். குரு கிணற்றடியில் வேட்டி துவைத்துக்கொண்டிருந்தார்.

“சாமி, துறையில் நின்றவன் தன் புருஷன் என்று ஒருத்தி வந்திருக்கிறாள். அப்படி ஒருவன் இல்லை. நான் கட்டிய கதை. பொய் என்று சொன்னால் இன்னும் காத்திருப்பாள். மெய் என்று சொன்னால், எங்கோ உயிரோடு இருப்பவனுக்கும் எள் இறைத்துவிடுவாள். எதைச் சொல்ல?”

“துறையில் என்னதான் நடந்தது?”

“யாரும் நிற்கவில்லை. முதல் பரிசலில் தளபதிதான் ஏறினான், பாவி.”

“அவனை விடும். நீர்?”

“ஓடினேன்.”

“பின்னாலிருந்து யாரும் கூப்பிட்டார்களா?”

“கூப்பிட்டார்கள்.”

“யார்?”

“தெரியாது சாமி. நான் திரும்பிப் பார்க்கவில்லை.”

குரு வேட்டியைப் பிழிந்து உதறினார்.

“பார்க்காத நீர், அவன் அங்கே இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்?”

செங்கோடன் ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

“போய்ச் சொல்லும்,” என்றார் குரு. “கூப்பிட்டார்கள், நான் ஓடினேன் என்று சொல்லும். எள்ளை இறைப்பதா, திருப்பிக் கொண்டுபோவதா என்பதை அவள் பார்த்துக்கொள்வாள்.”