விதைநெல்லைப் பொங்கிய சேந்தி

பறவையும் எறும்பும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், உலகத்து மக்கள் அத்தனை பேரும் ஒரே ஆற்றின் கரையில்தான் குடியிருந்தார்கள். அவர்களுக்குத் தெரிந்த வெள்ளாமையும் ஒன்றே ஒன்றுதான். வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் வயலைச் சேறாக்குவார்கள். நாற்றுப் பிடுங்கி நடுவார்கள். நெல் முற்றியதும் அறுத்துக் களத்தில் அடிப்பார்கள். வேறு மாதிரியும் பயிர் செய்யலாம் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். நெல் விளையாத இடத்தை அவர்கள் நிலம் என்றே சொல்வதில்லை. வெறும் பொட்டல் என்பார்கள்.

குடும்பங்கள் பெருகின. வாய்க்காலை நீட்டிக்கொண்டே போனார்கள். வாய்க்கால் நீண்டதே தவிர, ஆற்றில் தண்ணீர் கூடவில்லை. வாய்க்காலின் தொடக்கத்தில், தலைமடையில் இருந்தவர்கள் வயிறாரச் சாப்பிட்டார்கள். வாய்க்காலின் கடைசியில், கடைமடையில் இருந்தவர்கள் வானத்தையும் வாய்க்காலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சேந்தியின் வயல் கடைமடையில் இருந்தது. அவள் புருஷன் பெயர் நல்லான். ஐந்து வயதில் தும்பை என்று ஒரு மகள். சேந்தியின் கூடப் பிறந்த அண்ணன் கூத்தன் தலைமடையில் மதகைக் காவல் காத்துவந்தான்.

தண்ணீர் குறைந்துபோன ஒரு வருஷம், கடைமடை ஆண்கள் மண்வெட்டியோடு தலைமடைக்குப் போனார்கள். மதகைத் திறக்கச் சொன்னார்கள். திறக்க முடியாது என்றான் கூத்தன். வாய்ப்பேச்சு கைகலப்பாக மாறியது. தள்ளுமுள்ளில் கூத்தன் வீசிய மண்வெட்டி நல்லானின் வலது தோளில் இறங்கிவிட்டது. யாரை வெட்டினோம் என்று தெரிந்ததும் கூத்தன் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டான்.

புண் ஆறியது. ஆனால் அந்தக் கை அதன் பிறகு இடுப்புக்கு மேலே எழும்பவில்லை.

"உன் அண்ணன் வேண்டுமென்று செய்யவில்லை," என்றான் நல்லான், தோளில் சேந்தி பச்சிலை வைத்துக் கட்டும்போது.

"தெரியும். அடுத்த வருஷம் தண்ணீர் இன்னும் குறையும். அப்போது வேண்டுமென்றே செய்வார். நீங்களும் செய்வீர்கள். எனக்கு அதுதான் பயம்."

பனிக்காலத்தில் அந்த வயல்வெளிக்கு ஒரு சின்னக் குருவி வரும். மஞ்சள் வயிறு, மெல்லிய கால். வரப்பில் நடந்து நடந்து பூச்சி பொறுக்கும்; பனி முடிந்ததும் காணாமல் போய்விடும். அன்று அது சேந்தியின் வரப்பில் நின்றுகொண்டிருந்தது.

"வருஷா வருஷம் எங்கே போகிறாய்?" என்று கேட்டாள்.

"வடக்கே. மலை தாண்டி, அதற்கும் அப்பால்."

"அங்கே யார் இருக்கிறார்கள்?"

"யாரும் இல்லை. மண் இருக்கிறது, மழை இருக்கிறது. மழை இல்லாத இடத்தில் ஊற்று இருக்கிறது. நீங்கள் எல்லாரும் இந்த ஒரு ஆற்றை மட்டும் ஏன் இப்படி மொய்க்கிறீர்கள் என்று எனக்கு விளங்கவே இல்லை."

"அங்கெல்லாம் நெல் விளையுமா?"

குருவி அதை யோசித்ததே இல்லை. "பச்சையாக இருக்கும்," என்றது. அது சொன்னது பொய்யில்லை.

அந்த ஒரு சொல்லை நம்பி, கடைமடையில் ஏழு குடும்பங்கள் புறப்பட்டன. ஆளுக்கு இரண்டு துணி, சட்டிபானை, மண்வெட்டி. எல்லாருக்கும் பொதுவாக இரண்டு கோட்டை விதைநெல். கோட்டை என்றால், வைக்கோலைப் பிரியாக முறுக்கி, உள்ளே விதையை வைத்துப் பந்துபோல இறுகக் கட்டிய மூட்டை. ஒரு கோட்டையை நல்லான் இடது தோளில் சுமந்தான். வழியில் எங்கே தங்கினாலும் கீழே துண்டை விரித்து அதன்மேல்தான் அதை இறக்கிவைத்தான்.

குருவி முன்னால் பறந்தது. இருபது நாள் நடந்த பிறகு ஒரு செம்மண் மேட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். குருவி சொன்னது சரிதான். மழை பெய்தது, மேடெல்லாம் பச்சை பூத்தது. ஆண்கள் பள்ளம் தோண்டித் தண்ணீர் தேக்கினார்கள். முதல் கோட்டையை அவிழ்த்து விதைத்தார்கள். நாற்று ஒரு சாண் வளர்ந்தது. எல்லாரும் சேர்ந்து நட்டார்கள்.

செம்மண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. இன்று தேக்கினால் நாளைக்குப் பள்ளம் காய்ந்து கிடந்தது. நட்ட பயிர் முதலில் மஞ்சளானது, பிறகு வைக்கோலானது. மழையும் விடைபெற்றுக்கொண்டது.

கிழங்கு தோண்டித் தின்றார்கள். காட்டுப் பழம் தின்றார்கள். அதுவும் குறைந்துபோனது. தும்பை தினமும் பசிக்கிறது என்று அழுவாள். ஒருநாள் அழுவதை நிறுத்திவிட்டாள். கூப்பிட்டால் மெல்லத் திரும்பிப் பார்ப்பாள், அவ்வளவுதான். அழுகையைவிட அந்த அமைதிதான் சேந்தியைப் பயமுறுத்தியது.

"ஒரு கோட்டை இருக்கிறது," என்றான் நல்லான். "பள்ளத்தை இன்னும் ஆழமாக்கிக் குளமாக வெட்டுவோம். அடுத்த மழைக்கு விதைப்போம்."

"அடுத்த மழைக்கு இன்னும் ஏழெட்டு மாதம் இருக்கிறது," என்றாள் சேந்தி. "அப்போது குனிந்து நாற்று நட யார் இருப்பார்கள்?"

மற்றவர்கள் நல்லான் பக்கமே நின்றார்கள். விதைநெல்லை உண்ட குடி விளங்காது என்று கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். செத்துக் கிடந்தாலும் தலைமாட்டில் விதைநெல் இருக்கவேண்டும் என்பார்கள்.

மறுநாள் ஆண்கள் குளம் வெட்டப் போன பிறகு, சேந்தி அந்தக் கோட்டையை எடுத்துவந்து பிரியை அவிழ்த்தாள். நெல்லை உரலில் கொட்டினாள். பக்கத்துக் குடிசை மூக்காயி ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம் சேந்தி. இந்தப் பாவத்தைச் சுமக்காதே."

"பாவத்தை நான் சுமக்கிறேன் மதினி. நீங்கள் அந்த உலக்கையைப் பிடியுங்கள். இத்தனையும் குத்த எனக்குத் தெம்பு இல்லை."

மூக்காயி உரலைப் பார்த்தாள். மர நிழலில் சுருண்டு கிடந்த தன் பிள்ளைகளைப் பார்த்தாள். பிறகு உலக்கையை எடுத்தாள்.

சோறு கொதிக்கிற வாசம் குளத்துக்குப் போயிருக்க வேண்டும். ஆண்கள் வந்துவிட்டார்கள். அவிழ்ந்து கிடந்த வைக்கோலை நல்லான் குனிந்து எடுத்தான்.

"என்ன செய்துவிட்டாய்?" என்றான். குரல் உயரவில்லை.

"பிள்ளைகளுக்குச் சோறு ஆக்கினேன்."

"நாளைக்கு?"

"ஐந்து நாளைக்குக் காணும்."

"அதற்குப் பிறகு?"

"தெரியாது," என்றாள் சேந்தி. "ஆனால் இந்த நெல் இருக்கிறவரைக்கும் நாம் குளத்தைத்தான் வெட்டிக்கொண்டிருப்போம். வேறொன்றைத் தேடமாட்டோம். உங்களைக் கேட்டிருந்தால் கூடாது என்றிருப்பீர்கள். அதனால்தான் கேட்கவில்லை."

நல்லான் விலகிப் போய் ஒரு பாறைமேல் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான். பிள்ளைகள் சாப்பிட்டார்கள். பெண்கள் தயங்கித் தயங்கிச் சாப்பிட்டார்கள். சேந்திக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. கடைசியில் தும்பைதான் ஒரு கைச் சோற்றை இலையில் வைத்துக்கொண்டு பாறைக்கு நடந்தாள். நாலு நாளாக அவள் எழுந்து நடந்ததில்லை. மகள் நடந்துவருவதைப் பார்த்தான் நல்லான். இலையை வாங்கினான். கண்ணைத் துடைக்காமலே சாப்பிட்டான்.

அடுத்த நாள் விடிந்ததும் சேந்தி அந்த மேட்டில் நடக்கத் தொடங்கினாள். குருவி பக்கத்திலேயே வந்தது. அந்த வருஷம் அது அதற்குமேல் வடக்கே போகவில்லை.

"என் பேச்சை நம்பித்தான் வந்தீர்கள்," என்றது.

"நீ பார்த்ததைத்தான் சொன்னாய். பச்சை என்றதும் நெல்லாக்கும் என்று நினைத்துக்கொண்டது நாங்கள். இப்போது என்னோடு சேர்ந்து தேடு. உனக்குக் கண் கூர்மை."

இரண்டு நாள் தேடினார்கள். மூன்றாம் நாள் குருவி ஒரு இடத்தில் நின்றது. "இங்கே பார்," என்றது.

எறும்புகள் சாரையாகப் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் வாயிலும் கடுகளவு ஒரு மணி. சேந்தி குனிந்து உட்கார்ந்தாள்.

"தாயே, என்ன கொண்டுபோகிறீர்கள்?"

"சாப்பாடு," என்றது ஒரு எறும்பு, நிற்காமல்.

"இது எவ்வளவு தண்ணீர் குடிக்கும்?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. இரண்டு மழை பெய்தால் எங்கள் வீடு நிறைந்துவிடும். எங்கள் வீட்டைத் தோண்டாதே. அதோ நிற்கிறது பார், அதில் உருவிக்கொள்."

எறும்பு காட்டிய பக்கம் முழங்கால் உயரத்தில் புல் நின்றது. வந்த நாளிலிருந்து அதை மிதித்துக்கொண்டுதான் நடந்தார்கள். குளம் வெட்டும்போது அதைத்தான் களை என்று பிடுங்கி எறிந்தார்கள். சேந்தி ஒரு கதிரை உருவி உள்ளங்கையில் தேய்த்து ஊதினாள். உமி பறந்தது. சின்னச் சின்ன வெள்ளை மணிகள் நின்றன. வாயில் போட்டு மென்றாள். பால்போல இனித்தது.

அதுதான் சாமை.

ஏழு குடும்பமும் மேடு முழுக்க அலைந்து கதிர் உருவினார்கள். விதைநெல் கொடுத்த ஐந்து நாள் தெம்பு அதற்குப் போதுமாயிருந்தது. குத்திச் சமைத்தார்கள். கொஞ்சத்தை விதைக்கென்று எடுத்துவைத்தார்கள். அந்த விதையை வைக்கோலில் கட்டியது நல்லான்தான். கட்டி முடித்துச் சேந்தியிடம் நீட்டினான்.

"நீயே வைத்துக்கொள்," என்றான். "எப்போது அவிழ்க்கலாம் என்று உனக்குத்தான் தெரிகிறது."

அவள் வாங்கிக்கொண்டாள். அன்றுதான் அவளுக்கு ஒழுங்காகச் சோறு இறங்கியது.

அடுத்த மழைக்குச் சாமையை விதைத்தார்கள். நாற்று விட வேண்டியதில்லை, நட வேண்டியதில்லை. கையால் வீசினால் போதும். நல்லானின் வலது கை இடுப்புவரை எழும்பியதே அதற்குத் தாராளம். மூன்று மாதத்தில் மேடு முழுக்கக் கதிர் சாய்ந்து நின்றது.

குருவி ஆற்றங்கரைக்குப் பறந்துபோய் இதைக் கூத்தனிடம் சொன்னது. அவன் ஒரு கோட்டை விதைநெல்லைத் தலையில் வைத்துக்கொண்டு, தனியாளாக இருபது நாள் நடந்து வந்தான். வந்தவன் குடிசைக்கு வராமல் சாமைக் காட்டு ஓரத்திலேயே நின்றான். நல்லான்தான் எழுந்து போனான்.

"மாப்பிள்ளை, இதை விதைத்துக்கொள்ளுங்கள்," என்றான் கூத்தன், தலை நிமிராமல்.

"முதலில் உட்காருங்கள் மச்சான். சாப்பிடுங்கள்."

சேந்தி சாமைச் சோறு போட்டாள். கூத்தன் இரண்டு வாய் உண்டதும் கேட்டான். "கை எப்படி இருக்கிறது, மாப்பிள்ளை?"

"இடுப்புக்கு மேலே வராது. இங்கே அது மேலே வரவேண்டிய தேவையும் இல்லை," என்றான் நல்லான். கூத்தன் கையிலெடுத்த சோற்றைத் திரும்ப வைத்துவிட்டான். நல்லான் அவன் பக்கம் தண்ணீர்ச் செம்பை நகர்த்தினான்.

"நெல்லைத் திரும்பக் கொண்டுபோங்கள் அண்ணா," என்றாள் சேந்தி. "ஆற்றங்கரையில் அதை விட்டால் வேறில்லை. இங்கே அது காய்ந்துபோகும். மதகில் சண்டைக்கு நிற்கிறவர்களிடம் மட்டும், நாங்கள் இங்கே என்ன சாப்பிடுகிறோம் என்று சொல்லுங்கள்."

கூத்தன் போய்ச் சொன்னான். சாமையை ஒரு பிடி கொண்டுபோய்க் காட்டவும் செய்தான். அதன் பிறகு ஆற்றங்கரையிலிருந்து கூட்டம் கூட்டமாக ஜனங்கள் கிளம்பினார்கள். எல்லாருக்கும் முன்னால் அந்தக் குருவி பறந்தது.

போய்ச் சேர்ந்த இடத்திலெல்லாம் ஜனங்கள் முதலில் நெல்லைத்தான் தேடினார்கள். "இங்கே என்ன விதைப்பது?" என்று குருவியைத்தான் கேட்டார்கள். கீழே பாருங்கள், கீழே பாருங்கள் என்று சொல்லிச் சொல்லி அதன் தொண்டை தேய்ந்தது. இன்று மங்கோலியா என்கிறோமே, அந்தப் புல்வெளியில் போய்ச் சேர்ந்தவர்கள், மனிதன் தின்ன இங்கே ஒன்றுமில்லை என்று திரும்பிப் போகப் பார்த்தார்கள். புல்லைத் தின்கிற ஆடு இருக்கிறதே என்று ஒருத்தி சொன்னாள். அவர்கள் ஆட்டுக்குப் பின்னால் நடந்தே வாழக் கற்றுக்கொண்டார்கள். அரபு நாட்டு மணலில் ஊற்றைக் கண்டவர்கள் அதைச் சுற்றிப் பேரீச்சை வைத்தார்கள். அந்த நிழலில் கீரையும் வைத்தார்கள். இமயத்தின் சரிவில் ஏறியவர்களுக்கு நிற்கவே இடமில்லை. மலையைப் படிப்படியாக வெட்டி, படிக்கொரு வயல் கட்டினார்கள். அதற்கும் மேலே, திபெத்தின் குளிரில் பார்லியைத் தவிர வேறு தானியம் தலைகாட்டவில்லை. அவர்கள் அதையே வறுத்து மாவாக்கிக்கொண்டார்கள். காங்கோ காட்டுக்குப் போனவர்கள் ஒரு துண்டுக் காட்டை வெட்டி எரித்து, சாம்பலில் பயிர் வைத்தார்கள். மண் களைத்ததும் அதைத் தூங்கவிட்டு அடுத்த துண்டுக்குப் போனார்கள்.

அதற்குள் குருவிக்குக் குரல் போயேவிட்டது. கீச்சென்று ஒரு சத்தம்தான் மிச்சம். யாராவது என்ன விதைப்பது என்று கேட்டால் அதனால் சொல்ல முடியவில்லை. அதனால் மண்ணில் இறங்கி நின்று, வாலை மேலும் கீழும் அசைத்து, தரையைக் காட்டத் தொடங்கியது.

உலகத்தில் மண்ணுக்கொரு வெள்ளாமை வந்தது அந்த நாள் தொட்டுத்தான். ஏர் ஓட்டும் வயலானாலும் மாடு மேயும் புல்வெளியானாலும் வாலாட்டிக் குருவி மனிதர் காலடியிலேயே நடந்து, வாலால் தரையைத் தொட்டுத் தொட்டுக் காட்டுவதும் அன்று முதல்தான்.