மேலுக்குச் சரியில்ல

திங்கட்கிழமைதோறும் ஆற்றங்கரை மடத்தில் மதியச் சாப்பாடு உண்டு. சமைத்துப் பரிமாற வருகிற பெண்களில் செண்பகவல்லியும் ஒருத்தி. வேலையில் படு சுறுசுறுப்பு. அவளுக்கு ஒரு கவலை இருக்கும் என்று அந்த அடுக்களையில் யாரும் நினைத்ததில்லை. அப்படி யாரும் நினைத்துவிடாதபடி அவள் பார்த்துக்கொண்டாள்.

மடத்தை நடத்துகிறவரை எல்லோரும் தாயம்மா என்பார்கள். வயதில் செண்பகத்தைவிடச் சிறியவர்தான். செண்பகம் அவரிடம் பாடம் கேட்கிறவள், ஆனாலும் அவர் அவளை நீங்க, வாங்க என்றுதான் பேசுவார்.

ஒருநாள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது செண்பகம் கேட்டாள்.

"தாயம்மா, வீட்டு மானத்தைக் காப்பாத்த ஒரு வார்த்தையை மாத்திச் சொன்னா அது பாவமா?"

"என்ன வார்த்தை?"

"சும்மா பொதுவாக் கேட்டேன்."

பொதுவாகவாம். கேட்டுவிட்டு அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

தாயம்மாவும் துருவவில்லை. "அரிசி எவ்வளவு கெடக்குன்னு பாத்து ரேணுகாகிட்ட சொல்லுங்க. அவ கடைக்குக் கிளம்புதா" என்றார்.

செண்பகம் அரிசி டிரம்மைத் திறந்தாள். அடியில் ஒரு கை அரிசி ஒட்டிக்கொண்டிருந்தது. அரிசி இல்லை என்று அடுக்களையில் நின்று சொல்லலாமா? லட்சுமி கோபித்துக்கொண்டு போய்விடுவாள். பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் சொல்லிப் பழகியபடியே அவள் குரல் கொடுத்தாள்.

"ரேணுகா, அரிசி நெறைஞ்சிருக்கு."

ரேணுகா புனேயில் பிறந்து வளர்ந்தவள். மடத்துக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. தமிழ் நன்றாகத்தான் பேசுவாள். நிறைந்திருக்கிறது என்றால் நிறைந்திருக்கிறது என்றே எடுத்துக்கொண்டாள். தயிரும் அப்பளமும் வாங்கிக்கொண்டு சந்தோஷமாகத் திரும்பி வந்தாள்.

உலை கொதித்தது. போட அரிசி இல்லை. வெளியே பந்தியில் ஆட்கள் உட்கார்ந்து, இலையும் போட்டாயிற்று.

செண்பகத்துக்கு வந்ததே கோபம்.

"நெறைஞ்சிருக்குன்னா தீந்துபோச்சுன்னு அர்த்தம்ட்டி. இதுகூடத் தெரியாம ஒரு பொம்பளை இருப்பாளா?"

"நீங்க நெறைஞ்சிருக்குன்னு சொன்னீங்க. நான் நம்பினேன் அக்கா."

சொல்லும்போதே ரேணுகாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தாயம்மா உள்ளே வந்தார்.

"அவளை ஏன் வையுதீங்க செண்பகம்? அந்த வார்த்தைக்கு உள்ள இன்னொரு அர்த்தம் உங்களுக்குத் தெரியும். அவளுக்கு யார் சொன்னா?"

பக்கத்து வீட்டிலிருந்து அரிசி வாங்கி வடித்து, பந்தி முடிய மூன்று மணி ஆகிவிட்டது. பாத்திரம் கழுவுகிற இடத்தில் தாயம்மா அவள் அருகே வந்து உட்கார்ந்தார்.

"உங்க வீட்டுல இப்படி ஏதும் வார்த்தை புழங்குதா?"

"இல்லையே தாயம்மா."

"வீட்டுக்காரங்க சௌக்கியமா?"

"மேலுக்குச் சரியில்ல. ரெண்டு நாளாப் படுத்திருக்காங்க."

"பிள்ளைகளுக்குத் தெரியுமா?"

"அவங்ககிட்டயும் அதைத்தான் சொல்லியிருக்கேன்."

தாயம்மா கழுவிய பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தார். பிறகு எழுந்து போய்விட்டார்.

உண்மை இதுதான். செண்பகத்தின் கணவர் தாணுலிங்கம் குடிக்கிறவர். சர்வேயர் வேலை, வெளுத்த சட்டை, நெற்றியில் திருநீறு, யாரிடமும் அதிர்ந்து பேசாதவர். அவர் குடிப்பார் என்று சொன்னால் தெருவில் ஒருவரும் நம்பமாட்டார்கள். காலையில் எழுந்ததும் அவருக்குக் கை நடுங்கும். ஒரு மடக்கு உள்ளே போனால்தான் நிற்கும்.

வெளியே போய்க் குடித்து விழுந்து கிடந்தால் கேவலம் என்று செண்பகமே பிராந்தியை வீட்டில் வைத்துக் கொடுத்தாள். பிள்ளைகள் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று, காலியான அரிஷ்டப் பாட்டிலில் ஊற்றி வைத்தாள். ஆபீசிலிருந்து ஆள் வந்தால் மேலுக்குச் சரியில்லை. மாமியார் போன் செய்தால் மேலுக்குச் சரியில்லை. பதினோரு வயது வடிவு கேட்டாலும் அதே பதில்தான். "அப்பாவுக்கு மேலுக்குச் சரியில்ல, மருந்து குடிச்சா நடுக்கம் நின்னுரும்." எத்தனை பாடுபட்டாள் பாவி, அந்தப் பொய்யைக் காப்பாற்ற.

அரிசியைச் சாக்கிட்டுத் தாயம்மா எதைச் சொன்னார் என்று அவளுக்கு விளங்காமல் இல்லை. அன்று பஸ்ஸிலேயே விளங்கிவிட்டது. வடிவைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வீட்டுக்குப் போனாள். போனதும் மனசு மாறிவிட்டது. அரைப் பரீட்சை முடியட்டும் என்று இருந்தாள். அப்புறம் பொங்கல் கழியட்டும் என்று இருந்தாள். நல்ல நாள் பார்த்துச் சொல்லுகிற விஷயமா அது?

பொங்கல் கழிந்தது. அடுத்த திங்கட்கிழமை அவள் மடத்துக்குக் கிளம்பும்போது சின்னவன் நேசனுக்கு லேசாகக் காய்ச்சல் இருந்தது. அவனுக்கு ஐந்து வயது. தாணுலிங்கம் உள்ளறையில் படுத்திருந்தார். தம்பியைப் பார்த்துக்கொள் என்று வடிவைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டில் விட்டுவிட்டு வந்தாள்.

பந்தி பாதியில் இருக்கும்போது எதிர்வீட்டுப் பெண்ணிடமிருந்து போன் வந்தது.

"செண்பகம், நேசனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வந்திருக்கோம். கண்ணு சொருகிட்டு, எந்திரிக்க மாட்டேங்கான். சீக்கிரம் வா."

தாயம்மா கரண்டியைப் போட்டுவிட்டு அவளுடன் ஆட்டோவில் ஏறினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வடிவை நிறுத்தி விசாரித்துக்கொண்டிருந்தார்.

"தம்பிக்கு என்னம்மா குடுத்த?"

"அரிஷ்டம் சார். அப்பாவுக்குக் கை நடுங்கும்போது அம்மா அதான் குடுப்பாங்க. குடிச்சதும் நின்னுரும். தம்பி குளிர்ல நடுங்கிட்டே கெடந்தான். அதான் குடுத்தேன்."

டாக்டர் செண்பகத்தின் பக்கம் திரும்பினார்.

"பையன் வாயில வேற வாடை வருது. அது என்ன அரிஷ்டம்? சட்டுனு சொல்லுங்க."

உள்ளே பிள்ளை பேச்சு மூச்சில்லாமல் கிடக்கிறான். அப்போதாவது சொல்லியிருக்கலாம். பழகிப்போன நாக்கு என்ன செய்யும்?

"சாதா அரிஷ்டம்தான் டாக்டர். நாட்டு மருந்துக் கடையில வாங்குனது."

"அரிஷ்டம் இல்ல டாக்டர்" என்றார் தாயம்மா. "சாராயம். இவங்க வீட்டுக்காரர் குடிக்கிறது. பாட்டில் மட்டும்தான் அரிஷ்டப் பாட்டிலா இருக்கும்."

டாக்டர் செண்பகத்தைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள். நர்ஸைக் கூப்பிட்டுக்கொண்டே அவர் உள்ளே ஓடினார்.

செண்பகம் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வடிவை எதிர்வீட்டுப் பெண் ஜன்னல் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள்.

"உங்களுக்குத் தெரியுமா தாயம்மா?"

"தெரியும்."

"எப்பருந்து?"

"கார்த்திகைக்கு உங்க வீட்டுக்காரங்க மடத்துக்கு வந்தாங்கல்ல, அன்னைலேருந்து. கிராம்பு மென்னுக்கிட்டுத்தான் வந்தாங்க. கையில திருநீறு குடுத்தேன், பாதி கீழே சிந்திப்போச்சு."

"பிறவு ஏன் என்கிட்ட கேக்கல?"

தாயம்மாவும் தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சாடையாச் சொன்னாப் போதும்னு நெனச்சேன். உங்களுக்குப் புரிஞ்சுதுன்னும் எனக்குத் தெரியும். புரிஞ்சுட்டா செஞ்சிருவாங்கன்னு விட்டுட்டேன். உங்க கையைப் பிடிச்சு, வீட்டுல குடிக்காங்களான்னு நேராக் கேட்டிருக்கணும். கேக்கல. பெரிய குரு மாதிரி எந்திரிச்சுப் போயிட்டேன்."

"நீங்க என்ன செய்வீங்க? நான்தானே ஊத்தி வச்சேன். பிள்ளைகளுக்குத் தெரியக் கூடாதுன்னுதான் அப்படிச் செஞ்சேன் தாயம்மா. அதுகளைக் காப்பாத்தத்தான் செஞ்சேன்."

அவள் அழுது முடிகிறவரை தாயம்மா தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

பொழுது சாயும்போது டாக்டர் வந்தார். பயமில்லை, நேசன் கண் திறந்துவிட்டான், இரண்டு நாள் இருக்கட்டும் என்றார். செண்பகம் அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"வீட்டுக்காரங்களை என்ன செய்ய தாயம்மா?"

"அதுக்கும் டாக்டர் இருக்காங்க. நாளைக்கு நான் உங்க வீட்டுக்கு வாரேன். ரெண்டு பேருமா உக்காந்து அவங்ககிட்ட நேராப் பேசுவோம். டாக்டர்கிட்ட அவங்க வந்தாலும் வராட்டியும், இனி அந்த வீட்டுல அது இருக்கக் கூடாது. இப்ப அந்தப் பிள்ளையைப் பாருங்க."

வடிவு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றிருந்தாள். அம்மா பக்கம் வரவேயில்லை. செண்பகம் கூப்பிட்டதும் மெல்ல வந்தாள். முகமெல்லாம் வீங்கியிருந்தது.

"அளவு கூடிப்போச்சாம்மா? அப்பாவுக்குக் குடுக்கதுல பாதிதானே குடுத்தேன். அப்பாவுக்கு நல்லா ஆகுதே, அந்த மருந்து தம்பிக்கு மட்டும் ஏம்மா ஒத்துக்கல?"

செண்பகத்தால் மகள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தாயம்மாவின் கையைப் பிடித்தாள்.

"எனக்கு நாக்கு வரல தாயம்மா. இவகிட்ட என்னன்னு சொல்ல? எங்கேருந்து ஆரம்பிக்க?"

தாயம்மா வடிவைக் கூட்டி வந்து அவள் அம்மாவின் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"அது மருந்து இல்லன்னு ஆரம்பிங்க" என்றார்.